பார்த்துக்கலாம், அங்கிள்

காப்பி நன்றாகத்தான் இருந்தது. அதை நான் மறுக்கவே மாட்டேன். தமிழ்ப்பள்ளியில் கேண்டீன் நடத்துகிறவள் நான். காப்பி விஷயத்தில் என்னிடம் யாரும் கதை விட முடியாது. ஷா ஆலாமில் அந்தச் சொகுசுக் கார்க் கடையில் ஒரு பெண் மெஷினில் போட்டு, நுரையில் இலை வரைந்து கொடுத்த காப்பி, நான் இத்தனை வருஷம் போட்ட எல்லாக் காப்பியையும்விட நன்றாக இருந்தது. அதைக் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் எங்கள் தலையில் விழ வேண்டியது கிளம்பிவிட்டது. பக்கத்தில் மனுஷன் மசாஜ் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

மனுஷன் என்றால் என் வீட்டுக்காரர். பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் டிரைவராக ஆரம்பித்து, சொந்தமாக ஒரு லோரி, பிறகு இன்னொன்று என்று வளர்ந்து, கோலா சிலாங்கூரில் வீடு கட்டி, அறுபதை நெருங்கும்போது ஒரு ஆசையை நிறைவேற்றிக்கொண்டார். ஜெர்மன் காடி. எங்கள் பக்கம் காரைக் காடி என்றுதான் சொல்வோம். புதுசு இல்லை, யாரோ ஓட்டிவிட்டு விற்றது. ஆனாலும் கதவைச் சாத்தினால் 'தப்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே திறந்து திறந்து சாத்துவார். "கதவு கழண்டு கையோட வரப்போவுது," என்பேன். காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

வாங்கின பிறகுதான் எங்களுக்கு ஒரு புது உலகம் தெரிந்தது. காடி ஒன்று, கம்பெனி ஒன்று. ஆனால் அதை விற்கிற, சர்வீஸ் செய்கிற கடைகள் வேறு வேறு முதலாளிகளுடையவை. அதனால் கடைக்குக் கடை விலை வேறு, உபசாரம் வேறு. அதே என்ஜின் எண்ணெய், அதே ஃபில்டர். கிள்ளானில் ஒரு விலை, ஷா ஆலாமில் ஒரு விலை, ஈப்போவில் இன்னொரு விலை. ஒரு கடையில் வீட்டுக்கே ஆள் வந்து காடியை எடுத்துப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து விடுவான். இன்னொன்றில், நம் காடி உள்ளே இருக்கிற வரைக்கும் ஓட்டிக்கொள்ள வேறு காடி கொடுப்பார்கள். ஒன்றில் பிறந்தநாளுக்குக் கேக். ஒன்றில் பெரிய குடை. பசாரில் மீன் விலை கேட்கிற மாதிரி இவர் ஒவ்வொரு கடைக்கும் போன் போட்டுக் கேட்டார். சாயங்காலமானால் அதே பேச்சு. ஈப்போவில் குடை இல்லையாம், ஆனால் கழுவி மெழுகு போட்டுத் தருவானாம். லோரிக்கு டயர் வாங்கும்போதுகூட இவ்வளவு விசாரித்ததில்லை.

காடியை வாங்கியது கிள்ளானில். முதலில் சர்வீஸுக்குப் போனதும் அங்கேதான். கிள்ளான் கடையில் உபசாரம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு சீன நாளிதழ், எலும்பு வரைக்கும் இறங்குகிற குளிர். விலையோ கன்னத்தில் அறைகிற விலை. அங்கே சர்வீஸ் பார்க்கிறவர் நடுத்தர வயதுச் சீனர். மருந்துக்குக்கூடச் சிரிக்க மாட்டார். காடியை மேலே தூக்கி வைத்து, எங்களை அடியில் கூப்பிட்டு நிறுத்தி டார்ச் அடித்துக் காட்டினார். பிரேக் எண்ணெய் பழசாகித் தண்ணீர் கோத்துவிட்டது, பிரேக் கட்டையும் தேய்ந்துவிட்டது என்றார். எல்லாம் மலாயில்தான்.

இந்தக் காடியை மலைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள் என்றார். சமதரையில் பிரச்சினை தெரியாதாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்த எண்ணெய் சூட்டில் கொதித்துவிடும், அப்புறம் மிதித்தால் கால் நேராகத் தரைக்குத்தான் போகும் என்று உள்ளங்கையை மெதுவாகக் கீழே இறக்கிக் காட்டினார். அந்தக் கை இறங்கியது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

மலாயில் பேசும்போது என் வீட்டுக்காரர் போலீஸ்காரர் மாதிரி ஆகிவிடுவார். விடவே மாட்டார். "கெனாப்பா?" ஏன்? "பெராப்பா?" எவ்வளவு? "பிலா?" எப்போது மாற்ற வேண்டும்?

"செக்காராங்," என்றார் அந்த ஆள். இப்போதே.

மூவாயிரம் மலேசிய வெள்ளிக்கு மேல் ஆகும் என்றதும் இவர் முகம் சுருங்கிவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று காடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வழியெல்லாம் திட்டுதான். "கொள்ளைக்காரப் பயலுங்க! ஒரு காப்பித்தண்ணி குடுக்க வக்கில்ல, மூவாயிரம் கேக்கறான். தட்டு மாதிரி கெடக்கிற ஊர்ல நான் மலைக்கு எங்க போறது?"

அவர் சொன்னதும் உண்மைதான். எங்கள் வீட்டிலிருந்து சபாக் வரைக்கும் நேராக ஓட்டிப்போனாலும் வயலும் செம்பனையும் மாறி மாறி வருமே தவிர, ஒரு மேடு கிடையாது. இவர் வாழ்நாள் முழுக்க லோரி ஓட்டியதும் அந்தச் சமதரையில்தான்.

அப்படித்தான் ஷா ஆலாம் கடைக்கு வந்து சேர்ந்தோம். காப்பி, மசாஜ் நாற்காலி, உள்ளே கறி அடைத்துப் பொரித்த சுடச்சுடக் கறிபாப். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, நாங்கள் சைவம். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, உருளைக்கிழங்கு வைத்த கறிபாப்பைத் தனித்தட்டில் கொண்டுவந்து வைத்தாள் சர்வீஸ் பார்க்கிற பெண். நம் தமிழ்ப் பெண். இருபத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் சின்னதாகத் திருநீறு, கையில் டேப்லெட்.

"கோலா சிலாங்கூரா அங்கிள்? ஐயோ, நான் சபாக்! எங்கப்பாவும் தோட்டம்தான்."

போச்சு. மனுஷன் உருகிவிட்டார். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், அங்கே ஆட்களை மேய்க்கிற மண்டோராக இருந்தவர் நமக்குத் தெரிந்தவராயிற்றே என்று உறவு விசாரித்து முடிக்கவே இரண்டாவது காப்பி வந்துவிட்டது. அதற்கு அப்புறம்தான் வந்த விஷயத்துக்கு வந்தார்.

"ஏம்மா, பிரேக் எண்ணெய் மாத்தணும், கட்டை மாத்தணும்னு கிள்ளான்ல சொன்னானுங்க. அது எப்படி?"

அவள் டேப்லெட்டைப் பார்த்தாள். அங்கே நடந்துகொண்டிருந்த சலுகை விலை சர்வீஸில் பிரேக் வேலை சேராது. சுவரிலேயே எழுதிப் போட்டிருந்தார்கள். அவளுக்கும் அது தெரியும். ஆனால் அப்பா வயதில் இருக்கிற, தன் பக்கத்து மனுஷனிடம், அதுவும் அவர் இவ்வளவு ஆசையாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, முகத்துக்கு நேரே 'அது இதில் வராது, அதற்குத் தனிக் காசு' என்று எப்படிச் சொல்வாள்? சிரித்தாள்.

"பார்த்துக்கலாம், அங்கிள்."

இவரும் சிரித்தார். கறிபாப்பில் கடைசித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்ததும் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா? பார்த்துக்கறேன்னுட்டா. நம்ம புள்ள நம்ம புள்ளதான்."

"பார்த்துக்கறேன்னு சொல்லல. பார்த்துக்கலாம்னு சொன்னா."

"ரெண்டும் ஒண்ணுதான் லா."

ஒன்றாமே! எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அந்தச் சொல்லை ஊருக்கே அள்ளி அள்ளிக் கொடுத்தவர் இவர்தான். டிரைவர் வந்து லோரி சீட் கிழிந்துவிட்டது என்பான், பார்த்துக்கலாம். கோயில் தலைவர் நன்கொடைக்கு வந்து நிற்பார், பார்த்துக்கலாம். சமையலறைக் கூரை ஒழுகுகிறது என்று நான் தொண்டை கிழியக் கத்துவேன்; அதற்கும் பார்த்துக்கலாம். கூரை இன்றைக்கும் ஒழுகுகிறது. இல்லை என்பதை மனம் நோகாமல் சொல்வதற்கு நாம் வைத்திருக்கிற சொல் அது. அதைச் சொல்லியே வாழ்ந்தவர், தனக்கு ஒருத்தி சொன்னபோது மட்டும் கற்பூரம் அடித்துச் செய்த சத்தியமாக எடுத்துக்கொண்டார்.

"எப்பன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? கிள்ளான்ல பிலா பிலான்னு அந்த ஆள் உயிரை எடுத்தீங்களே."

"அது வேற. தமிழ்ல அப்படிக் கேட்டா அந்தப் புள்ளய நம்பாத மாதிரி ஆயிடும். ஒரு நாகரிகம் வேணாமா?"

சாயங்காலம் காடி வந்தது. உள்ளே மல்லிகை வாசம், மிதியடியெல்லாம் புத்தம் புதுசாக மின்னியது. கிள்ளான்காரர் கேட்டதில் பாதிகூட ஆகவில்லை. பிரேக்கைத் தொட்டார்களா என்று கேட்டேன். "அவ பார்த்திருப்பா," என்றார். 'பார்த்துக்கலாம்' எங்கே, 'பார்த்திருப்பா' எங்கே! அரை நாளில் அந்தச் சொல் அவர் வாயில் அவ்வளவு தூரம் வளர்ந்துவிட்டது.

நான் நச்சரித்துக்கொண்டே இருந்ததால், ஒரு நாள் என்னைக் காடியில் ஏற்றி, பிரேக்கைச் சோதித்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினார். எங்கே? மலாவாத்தி குன்றுக்கு! கலங்கரை விளக்கமும் குரங்குக் கூட்டமும் இருக்கிற அந்தக் குன்றுதான் எங்கள் ஊரின் ஒரே மேடு. ஏறி இறங்க ஒரு வெற்றிலை போடுகிற நேரம் ஆகாது. உச்சியிலிருந்து இறங்கும்போது குரங்கு ஒன்று குறுக்கே வந்தது. மிதித்தார், காடி கப்பென்று நின்றது. "பாரு, மலையும் இறங்கியாச்சு," என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரிக்கும்போதே கிள்ளான்காரர் கை மெதுவாகக் கீழே இறங்கியதும் ஞாபகம் வந்தது.

தீபாவளிக்கு அந்தக் கடையிலிருந்து முறுக்கு டின் வந்தது, இவர் பெயர் போட்டு. அதை அலமாரியில் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். பள்ளி விடுமுறை தொடங்கியபோது போன் வந்தது. நல்ல வாடிக்கையாளர்களுக்குக் கடையின் அன்பளிப்பு. எல்லாரும் அவரவர் காடியை ஓட்டிக்கொண்டு வரிசையாகப் போய்ப் பிரேசர் மலையில் ஒரு நாள் தங்கலாம், ஹோட்டலும் சாப்பாடும் இலவசம்.

நான் குறுக்கிட்டேன். "மலைக்கா?"

"இல்ல, கடலுக்கு. என்ன கேள்வி இது?"

"அந்தக் கிள்ளான் ஆளு என்ன சொன்னாரு? மறந்துபோச்சா உங்களுக்கு?"

"அடியே, அவங்களே கூப்பிடறாங்க. காடி சரியில்லாட்டி அவங்களே மலைக்குக் கூப்பிடுவாங்களா? கொஞ்சமாவது யோசிச்சுப் பேசு."

கூப்பிடுகிறவன் ஒருத்தன், காடிக்கு அடியில் பார்க்கிறவன் வேறொருத்தன், இவன் செய்வது அவனுக்குத் தெரியாது என்று எனக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும் மனசு கேட்கவில்லை. கடைக்குப் போன் போட்டு அந்தச் சபாக் பெண்ணைக் கேட்டேன். லீவில் இருக்கிறாள் என்றார்கள். பேசினவன் ஒரு சின்னப் பையன், தேனாகப் பேசினான். "வொரி பண்ணாதீங்க ஆண்ட்டி, எல்லாக் காடியும் செக் பண்ணித்தான் அனுப்புவோம்." அந்தச் செக்கைக் கிளம்புகிற அன்று காலையில் என் கண்ணாலேயே பார்த்தேன். டயருக்குக் காற்று, கண்ணாடிக்குத் தண்ணீர், அப்புறம் கதவில் ஒரு ஸ்டிக்கர். ஆளுக்கொரு தொப்பி கொடுத்தார்கள். "பயமா இருந்தா நீ வீட்டுலயே இரு," என்று முதல் நாளே இவர் சொல்லியிருந்தார். தனியாக அனுப்ப மனசு வருமா? தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கோலா குபு பாருவைத் தாண்டி, அணையைத் தாண்டி ஏறும் வரைக்கும் ராஜாதான். காடி ஏறியதே தெரியவில்லை. மேலே குளிர், பனிமூட்டம், பூத்தொட்டி. இவர் போட்டோ எடுத்து போட்டோ எடுத்து என் போனையே தீர்த்தார். செல்பியில் எங்கள் இரண்டு பேர் தலைக்கும் நடுவில் எப்போதும் அந்தக் காடி இருக்கும். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

மறுநாள் காலைப் பசியாறிவிட்டு இறங்கினோம். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். லேசான தூறல். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். இறக்கத்தில் கியரைக் குறைத்து, என்ஜினை விட்டே வேகத்தை இழுத்துப் பிடிக்க வேண்டுமாம்; எனக்கு அதெல்லாம் பிறகுதான் சொன்னார்கள். சமதரையில் லோரி ஓட்டின கால், மிதிக்கத்தான் அதற்குத் தெரியும்.

முதலில் எனக்கு வாடை வந்தது. அடுப்படியில் காலம் தள்ளுகிறவள் மூக்கு இது, பொய் சொல்லாது.

"என்னமோ கருகுதுங்க."

"மலையில யாராவது குப்பை கொளுத்துவான்."

"தூறல்ல யாருங்க கொளுத்துவா? நிறுத்துங்க காடியை!"

திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் நிறமே இல்லை. கால் மிதித்து மிதித்து எடுப்பது தெரிந்தது. காடி மட்டும் வேகம் குறையாமல் போய்க்கொண்டே இருந்தது.

"கால் உள்ள போவுது புள்ள," என்றார். சத்தமாகக்கூட இல்லை. கூரை ஒழுகுகிறது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

முன்னால் வளைவு. என் பக்கம், இடப்புறம், கம்பித் தடுப்பும் அதற்கு அந்தப் பக்கம் வெறும் மரத்தலைகளும். வலப்புறம் மலைச் சுவர். நான் "முருகா" என்று கத்தினேன். அவர் கத்தவில்லை. "கெட்டியாப் பிடிச்சுக்கோ," என்று சொல்லி ஸ்டியரிங்கை வலப்புறம் ஒடித்தார். எதிர்ப்பக்கத்து ரோட்டைத் தாண்டி, தன் பக்கத்தைக் கொண்டுபோய்ப் பாறையில் கொடுத்தார். அவர் உட்கார்ந்திருந்த பக்கம். கடைசி நொடி வரைக்கும் அந்தக் காலைப் பிரேக்கிலிருந்து எடுக்கவே இல்லை. மூவாயிரம் வெள்ளிக்குக் கணக்குப் பார்த்த மனுஷன், எனக்காகத் தன்னைக் கொடுக்கும்போது ஒரு கணக்கும் பார்க்கவில்லை. என் மேல் ஒரு கீறல் இல்லை.

காடி தானாகவே கடைக்குத் தகவல் அனுப்பிவிட்டதாம். அதுவும் ஒரு சலுகைதான். ஸ்பீக்கரில் ஒரு குரல், நாங்கள் நலமாக இருக்கிறோமா என்று இனிமையாகக் கேட்டது. நான் கேட்ட கேள்விக்கெல்லாம் அதற்குப் பதில் தெரியவில்லை. இலவச இழுவை லோரி முதலில் வந்தது. ஆம்புலன்ஸ் அதற்குப் பிறகு வந்தது. காடியை எடுக்க வந்த ஆள், உள்ளே மாட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டு, தன் கொக்கியைக் கீழே போட்டுவிட்டு, மழையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கோலா குபு பாரு ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில், அந்தத் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை ஏன் அத்தனை தூரம் தூக்கிக்கொண்டு வந்தேன் என்று தெரியவில்லை.

டாக்டர் வெளியே வந்தார். நம் தமிழ்ப் பையன். சின்ன வயது, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கிள் உயிருக்கு ஆபத்தில்லை என்றார். நான் கோயில் இருக்கிற திசை தெரியாமல் பொதுவாகக் கும்பிட்டேன்.

"கால்தான் ஆண்ட்டி... வலது கால்ல கொஞ்சம் பிரச்சினை. ரத்தம் சரியாப் போகல." என் முகத்தைப் பார்த்தார். மேலே சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு லேசாகச் சிரித்தார். "கவலைப்படாதீங்க. பார்த்துக்கலாம், ஆண்ட்டி."

கையை விடுவித்துக்கொண்டேன்.

"தம்பி, அதை மலாய்ல சொல்லுங்க."

அவருக்குப் புரியவில்லை. "ஏன் ஆண்ட்டி? தமிழ் புரியும்தானே?"

"நல்லாப் புரியும்யா. அதனாலதான் கேக்கறேன். மலாய்ல சொல்லுங்க."

அவர் எழுந்து நின்றார். சிரிப்பு போய்விட்டது. டாக்டர் குரலில் சொன்னார். "காக்கி கானான் தாக் டாப்பாட் டிசெலாமாட்கான், புவான். கெனா போத்தோங்." வலது காலைக் காப்பாற்ற முடியாது, அம்மா. எடுத்துவிட வேண்டும்.

பிரேக்கை விடாத கால் அது. நான் அழவில்லை. அவர் கேட்காமல் விட்டதை நான் கேட்டேன்.

"பிலா?"

"செக்காராங்," என்றார் டாக்டர். இப்போதே.